நானோ மருந்துக்கு ரத்தம் போர்த்தும் புரதப் போர்வை

கேள்வி இதுதான்: "அம்மாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய். லிபோசோம் என்ற நுண்ணிய கொழுப்புப் பையில் அடைத்த டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றுகிறார்கள். 'நானோ மருந்து, நேராகக் கட்டிக்குத்தான் போகும்' என்று சொல்லியிருந்தார்கள். முதல் நாள் டிரிப்ஸ் ஏற ஆரம்பித்த ஐந்தாறு நிமிடத்தில் முகம் சிவந்து, நெஞ்சு இறுகி, முதுகு வலிக்கிறது என்றார். உடனே நிறுத்திவிட்டார்கள். அப்புறம் மெதுவாக ஏற்றினார்கள், ஒன்றும் ஆகவில்லை. ரத்தத்தில் இருக்கும் புரதங்கள் அந்தத் துகளோடு சேர்வதால் வருவது என்று டாக்டர் சொன்னார். அப்படி என்னதான் நடக்கிறது?"

அம்மா அந்த நாளைத் தாண்டி வந்துவிட்டார் என்பதில் முதலில் நிம்மதி. நான் மருத்துவர் இல்லை. நானோ துகள்களை, ரத்தத்தில் அணுக்கள் போக மிஞ்சும் பிளாஸ்மா என்ற நீரில் கலந்து, அவற்றின்மேல் என்ன ஒட்டுகிறது என்று பார்ப்பதுதான் பல வருடமாக என் வேலை. மருந்தைத் தொடர்வதா, அளவை மாற்றுவதா என்பதெல்லாம் அவருடைய டாக்டர் சொல்வதுதான். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் ரத்தத்துக்குள் என்ன நடந்திருக்கும் என்பதைச் சொல்ல முடியும். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சுருக்கம் இது. நாம் செய்து அனுப்பும் துகளை உடம்பின் செல்கள் வெறும் மேனியோடு பார்ப்பது மிக அரிது. ரத்தக்குழாய்க்குள் போன அரை நிமிடத்துக்குள் ரத்தப் புரதங்கள் அதன்மேல் ஏறி மூடிக்கொள்கின்றன. செல்லின் கண்ணுக்குத் தெரிவது அந்தப் போர்வைதான். போர்வையில் எந்தெந்தப் புரதங்கள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தே துகள் கல்லீரலுக்குப் போகிறதா, மண்ணீரலில் மாட்டுகிறதா, ரத்தத்தில் இரண்டு நாள் சுற்றுகிறதா, அல்லது உங்கள் அம்மாவுக்கு நடந்ததுபோல எச்சரிக்கை மணியை அடித்துவிடுகிறதா என்பது அமைகிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தங்க நானோ துகள் கரைசல் மாதுளைச் சாறு மாதிரி சிவப்பாக இருக்கும். ஒவ்வொரு துகளும் ஏறத்தாழ 20 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). மேலே சிட்ரேட் என்ற மின்சுமையுள்ள பொருள் ஒட்டியிருப்பதால் எல்லாத் துகளும் எதிர்மின் சுமையோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். இதில் சிறிது உப்புநீரை விடுங்கள். உப்பு அந்தத் தள்ளுவிசையை மறைத்துவிடும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். மாதுளை நிறம் கண் இமைப்பதற்குள் நாவல்பழ நிறமாகிவிடும். சற்று நேரத்தில் சாம்பல் பூத்து அடியில் படியும். இப்போது இன்னொரு குழாயில் அதே தங்கத்தை எடுத்து, முதலில் ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தின் கரைசலைச் சில துளி விட்டு, சிறிது பொறுத்து, அப்புறம் அதே உப்புநீரை விடுங்கள். நிறம் மாறவே மாறாது. இரண்டு குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தங்கத்தைப் போர்த்திக் காப்பாற்றியிருக்கிறது என்பது புரிந்துவிடும். படிக்கும் காலத்தில் மூன்று மாதம் ஃபிரிட்ஜில் பத்திரமாக வைத்திருந்த துகள்களை நான் நேராக உப்புக் கரைசலில் விட்டு, என் வழிகாட்டி முன்னாலேயே அத்தனையும் நாவல் நிறமானதைப் பார்த்து நின்றிருக்கிறேன். அதே வகைத் துகளை அடுத்த நாள் பிளாஸ்மாவில் விட்டேன். பிளாஸ்மாவிலும் அதே அளவுக்கு உப்பு இருக்கிறது. நிறம் சிவப்பாகவே நின்றது. இந்தத் துறையை அன்றைக்குத்தான் பிடித்துக்கொண்டேன் என்று சொல்லலாம்.

இது புதிய செய்தியும் இல்லை. வேதியியலாளர் ரிச்சர்ட் சிக்மாண்டி 1901-இலேயே இதை ஓர் அளவுகோலாக ஆக்கினார். குறிப்பிட்ட அளவு தங்கக் கரைசல் உப்பால் நிறம் மாறாமல் காக்க எத்தனை மில்லிகிராம் புரதம் வேண்டும் என்பதைத் 'தங்க எண்' என்றார். 1925-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1912-இல் ஜெர்மனியில் கார்ல் லாங்கே இதையே நோய் கண்டறியும் சோதனையாக மாற்றினார். நோயாளியின் தண்டுவட நீரைப் பத்துக் குழாய்களில் படிப்படியாக நீர்த்து, ஒவ்வொன்றிலும் தங்கக் கரைசலை விட்டு, எந்தக் குழாயில் எந்த அளவுக்கு நிறம் மாறுகிறது என்று எண் போடுவார்கள். மூளையைத் தாக்கிய சிஃபிலிஸ் அதில் தனி வரிசையாகத் தெரியும். புரதத்தின் வகையும் விகிதமும் மாறினால் தங்கத்தின் நடத்தை மாறுகிறது என்பதை அந்த மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் நாள்தோறும் கண்ணால் பார்த்தார்கள்.

இனி ரத்தத்துக்கு வருவோம். பிளாஸ்மாவில் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் புரதம் இருக்கிறது. அதில் பாதிக்குமேல் ஆல்புமின், 35 முதல் 50 கிராம். எண்ணிக்கையில் சொன்னால், ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் ஏறத்தாழ 3,600 கோடி கோடி ஆல்புமின் மூலக்கூறுகள். அடுத்து கிருமிகளை அடையாளம் காணும் ஐஜிஜி ஆன்டிபாடிகள், ரத்தம் உறையத் தேவையான ஃபைப்ரினோஜன் 2 முதல் 4 கிராம், தற்காப்பு வேலை பார்க்கும் சி3 என்ற காம்ப்ளிமென்ட் புரதம் சுமார் 1 கிராம். வரிசையில் வெகு கீழே, லிட்டருக்கு 0.05 கிராமைத் தாண்டாத அளவில் அப்போ-ஈ என்ற புரதம் இருக்கிறது. இந்தக் கடைசிப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

100 நானோமீட்டர் துகள் ஒன்றின் மேற்பரப்பில் சில நூறு ஆல்புமின்கள் உட்காரத்தான் இடம். அந்தச் சில நூறு இடத்துக்கு இத்தனை கூட்டம். திருவிழா நாளில் பேருந்து நிலையத்தில் வண்டி உள்ளே நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அப்படித்தான் முதல் சில நொடிகள். எண்ணிக்கையில் அதிகமாகவும் அருகிலும் இருக்கும் ஆல்புமின் முதலில் உட்காரும். ஆனால் துண்டு போட்டவருக்கே இடம் நிலைப்பதில்லை. அந்த மேற்பரப்போடு அழுத்தமாகப் பிணையக்கூடிய புரதம் ரத்தத்தில் குறைவாக இருக்கும், மெதுவாக வந்து சேரும். ஆனால் வந்ததும் முன்னவரை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும்.

இந்த இடமாற்றத்தைக் கண்டவர் லியோ வ்ரோமன். 1915-இல் நெதர்லாந்தின் கௌடா ஊரில் பிறந்தவர். 1940-இல் ஜெர்மானியப் படை நுழைந்தபோது நாட்டைவிட்டுத் தப்பி, டச்சுக் கிழக்கிந்தியாவுக்குப் போய், அங்கே ஜப்பானியர்களிடம் போர்க்கைதியாகி, போருக்குப் பின் அமெரிக்காவில் ரத்த ஆய்வாளராக வாழ்ந்தவர். டச்சு மொழியில் பெரிய கவிஞரும்கூட. கண்ணாடி, உலோகம் போன்ற பரப்புகளில் பிளாஸ்மா பட்டதும் எந்தப் புரதம் படிகிறது என்று 1960-களில் ஆராய்ந்தபோது, முதலில் படிந்த ஃபைப்ரினோஜன் சிறிது நேரத்தில் காணாமல் போவதைக் கவனித்தார். வேறொரு புரதம் அதன் இடத்தைப் பிடித்திருந்தது. இன்றைக்கும் இதை 'வ்ரோமன் விளைவு' என்றே சொல்கிறோம். நானோ மருந்து என்ற பேச்சே எழாத காலத்தில், செயற்கைக் குழாய்களிலும் பரப்புகளிலும் ரத்தம் ஏன் உறைகிறது என்ற கவலையில் பிறந்த அறிவு இது. இந்தத் துறையின் முன்னோடிகளில் என் மனதுக்கு மிக நெருக்கமானவர் அவர்.

புரதம் ஏன் ஒட்டுகிறது? மின்சுமை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் தண்ணீர். எண்ணெய்த்தன்மையுள்ள பரப்பைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் கட்டுப்பட்டு நிற்கும். புரதம் வந்து படிந்தால் அவை விடுபட்டு ஓடும். அந்த விடுதலையே புரதத்தைப் பரப்போடு சேர்த்து அழுத்துகிறது. தவிரவும் புரதம் கல் அல்ல. படிந்த பிறகு கொஞ்சம் இளகி, மடிப்பு பிரிந்து, இன்னும் பல இடங்களில் தொட்டுக்கொள்ளும். ஓர் இடத்தில் பிடி விட்டாலும் ஒன்பது இடத்தில் பிடித்திருக்கும். அதனால்தான் போர்வையின் உள்ளடுக்கு மணிக்கணக்கில் கெட்டியாக நிற்கிறது. வெளியடுக்கு மட்டும் வந்துபோய்க்கொண்டிருக்கும். ஸ்வீடனின் லுண்டிலும் அயர்லாந்தின் டப்ளினிலும் இருந்த ஆய்வாளர்கள், சாரா லின்ஸே, கென்னத் டாசன் முதலானோர், 2007-இல் இந்த அடுக்குகளின் வரவையும் போக்கையும் அளந்து, மொத்தத்துக்கும் 'புரதக் கொரோனா' என்று பெயரிட்டார்கள். கொரோனா என்றால் மகுடம். 2020-க்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டாலே நமக்கு வேறு நினைவு வருகிறது. கோயிலில் தலையில் கட்டும் பரிவட்டம் இதற்குப் பொருத்தமான தமிழ்ச்சொல் என்று எனக்குப் படுகிறது: கட்டியவர் யாராக இருந்தாலும், கூட்டம் முதலில் பார்ப்பது பரிவட்டத்தை. இங்கே எளிதாகப் புரியட்டும் என்று போர்வை என்றே எழுதுகிறேன்.

அரை நிமிடம் என்று மேலே சொன்னதும் அளந்து பார்த்த கணக்குதான். ஜெர்மனியின் மைன்ஸ் நகரக் குழு 2013-இல் சிலிக்கா, பாலிஸ்டைரீன் துகள்களைப் பிளாஸ்மாவில் விட்டு உடனுக்குடன் பிரித்தெடுத்தது. 30 நொடிக்குள்ளேயே போர்வை உருவாகியிருந்தது. ஏறத்தாழ 300 வகைப் புரதங்கள் அதில் இருந்தன. பிறகு நேரம் போகப் போக அளவுகள்தான் கூடிக் குறைந்தன. பெயர்ப்பட்டியல் பெரிதாக மாறவில்லை. இன்னொன்றும் தெரிந்தது. போர்வையில் இருக்கும் விகிதம் ரத்தத்தில் இருக்கும் விகிதம் அல்ல. ரத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருக்கும் புரதம் துகளின்மேல் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும். துகளின் அளவு, வளைவு, மின்சுமை, மேற்பூச்சு ஒவ்வொன்றும் மாறும்போது போர்வையும் மாறும்.

மேலே நினைவில் வைக்கச் சொன்ன அப்போ-ஈ கதை இங்கே வருகிறது. போர்வை நமக்காக வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதத்தைக் கல்லீரல் செய்து ரத்தத்துக்கு அனுப்புகிறது. சில குடும்பங்களில் அதன் மரபணுவில் ஒரு பிழை. அந்தப் புரதம் குலைந்து நரம்புகளிலும் இதயத்திலும் படியும். கால் மரத்து, நடை தளர்ந்து, வயிறும் இதயமும் கெட்டு, சில வருடங்களில் ஆள் இறந்துபோவார். போர்ச்சுகலின் போர்ட்டோவில் கோரினோ அந்த்ராதே 1952-இல் இந்த நோயை முதலில் விவரித்தார். மீனவக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வந்த நோய். கல்லீரல் அந்தப் புரதத்தைச் செய்வதையே நிறுத்தினால்? அந்த மரபணுவின் செய்தியை முடக்கும் ஆர்என்ஏ துண்டு கையில் இருந்தது. ஆனால் வெறும் ஆர்என்ஏ ரத்தத்தில் நிமிடங்களில் சிதைந்துவிடும். ஆகவே அதை 100 நானோமீட்டருக்கும் சிறிய கொழுப்புத் துகளில் அடைத்தார்கள். அந்த மருந்துதான் பாட்டிசிரான். அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் அமைப்பான எஃப்டிஏ அதை 2018 ஆகஸ்டில் அனுமதித்தது.

இந்தத் துகளின்மேல் கல்லீரல் செல்லைத் தேடிப்பிடிக்கும் எந்த முகவரியும் ஒட்டப்படவில்லை என்பதுதான் வியப்பு. மேலே பெக் என்ற பாலிமர் மட்டும் இருக்கும். அதுவும் குட்டையான கொழுப்பு வாலோடு லேசாகச் செருகப்பட்டது. ரத்தத்தில் போனதும் மெல்லக் கழன்று விழும்படி வேண்டுமென்றே செய்தது. கழன்ற இடத்தில் அப்போ-ஈ வந்து உட்காரும். நாம் மதியம் சாப்பிட்ட நெய்யும் எண்ணெயும் சிறுகுடலில் சிறு கொழுப்பு உருண்டைகளாகி ரத்தத்தில் சேர்கின்றன அல்லவா, அவற்றில் மிஞ்சியதைக் கல்லீரலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அப்போ-ஈயின் அன்றாட வேலை. கல்லீரல் செல்லின் மேலுள்ள எல்டிஎல் ஏற்பி அப்போ-ஈயைக் கண்டால் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். கல்லீரலின் நுண்குழாய்ச் சுவரில் நூறு நானோமீட்டர் அளவில் சன்னல்கள் இருப்பதால் துகள் நுழையவும் வழி இருக்கிறது. ஆக, மருந்துத் துகள் சாப்பாட்டுக் கொழுப்பின் வேடத்தில் உள்ளே போகிறது. உள்ளே போனதும், செல் அதை அடைத்துவைக்கும் சிறு பையிலுள்ள அமிலத்தில் அதன் கொழுப்பு நேர்மின் சுமை பெற்று, அந்தப் பையைக் கிழித்து, ஆர்என்ஏவை வெளியே விடுகிறது.

இது வெறும் ஊகம் இல்லை. 2010-இல் வெளிவந்த ஆய்வில், அப்போ-ஈ இல்லாமல் வளர்த்த எலிகளில் இந்த வகைத் துகள் வேலை செய்யவில்லை. அதே துகளை முன்கூட்டியே அப்போ-ஈயோடு கலந்து ஏற்றியபோது வேலை செய்தது. இதைவிடத் தெளிவாகக் கேட்டுப் பெற்ற பதில் இந்தத் துறையில் எனக்குத் தெரிந்து குறைவு. 225 நோயாளிகளில் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில், மருந்து பெற்றவர்களின் ரத்தத்தில் டிரான்ஸ்தைரெட்டின் இடைநிலை அளவில் 81 சதவீதம் குறைந்தது. நோய் முற்றிக்கொண்டே போகவேண்டியவர்களில் பலர் மேலும் மோசமாகாமல் நின்றார்கள். சிலருக்கு முன்பைவிட மேம்பட்டது. அந்த நோயாளிகளின் கால்களைக் காப்பாற்றியதில், யாரும் ஒட்டாமல் ரத்தமே கொண்டுவந்து ஒட்டிய ஒரு புரதத்துக்குப் பங்கு இருக்கிறது.

இந்த வழி அடைபட்டவர்களும் உண்டு. பிறவியிலேயே எல்டிஎல் ஏற்பி இல்லாமல், சின்ன வயதிலேயே கொலஸ்ட்ரால் ஏறி இதயம் பாதிக்கப்படுபவர்கள். துகள்மேல் அப்போ-ஈ இருந்தாலும் அதைப் பிடிக்கக் கதவு இல்லை. அவர்களுக்காகக் கல்லீரலின் இன்னொரு ஏற்பிக்குப் பொருந்தும் கால்நாக் என்ற சர்க்கரையைத் துகளில் ஒட்டும் முயற்சி நடந்திருக்கிறது. டல்லஸில் டேனியல் சீக்வர்ட்டின் குழு வேறொரு திசையில் போனது. அதே கொழுப்புத் துகளில் எப்போதும் நேர்மின் சுமையுள்ள ஒரு கொழுப்பைச் சேர்த்தால் நுரையீரலுக்கும், எதிர்மின் சுமையுள்ளதைச் சேர்த்தால் மண்ணீரலுக்கும் எலிகளில் போய்ச் சேர்ந்தது. பிரித்துப் பார்த்தால் போர்வையின் முதன்மைப் புரதமே மாறியிருந்தது: நுரையீரலுக்குப் போனதில் விட்ரோனெக்டின், மண்ணீரலுக்குப் போனதில் பீட்டா-2 கிளைக்கோபுரதம். முகவரியை நாமே ஒட்டுவதைவிட, நமக்கு வேண்டிய முகவரியை ரத்தமே ஒட்டும்படி துகளைச் செய்வது நல்ல வழி என்று நான் நம்புவதற்குக் காரணம் இந்தச் சோதனைகள்தான்.

நாமே ஒட்டிய முகவரிக்கு என்ன ஆகிறது என்பதையும் பார்க்கவேண்டும். புற்றுசெல்கள் டிரான்ஸ்ஃபெரின் என்ற இரும்பு சுமக்கும் புரதத்தை அதிகம் இழுத்துக்கொள்ளும். ஆகவே டிரான்ஸ்ஃபெரினைத் துகளின்மேல் ஒட்டினால் தேடிப் போகும் என்பது பல வருடம் எழுதப்பட்ட திட்டம். வெறும் கரைசலில் அது அழகாக வேலை செய்யும். டப்ளின் குழு 2013-இல் அதே சிலிக்கா துகளைப் புரதம் நிறைந்த ஊடகத்தில் வைத்துப் பார்த்தது. போர்வை ஏறி டிரான்ஸ்ஃபெரினை மூடிவிட்டது. குறிப்பிட்ட செல்லைத் தேடிப்பிடிக்கும் திறமை போய்விட்டது. வீட்டு எண் எழுதிய பலகைமேல் யாரோ கம்பளியைப் போர்த்தியதுபோல. சில சமயம் போர்வையே தீங்கும் செய்யும். பாலிஅக்ரிலிக் அமிலம் பூசிய 5 நானோமீட்டர் தங்கத் துகளில் ஃபைப்ரினோஜன் படிந்து மடிப்பு பிரிந்ததையும், அதுவரை உள்ளே மறைந்திருந்த ஒரு பகுதி வெளியே தெரிந்து, வெள்ளையணுவின் மேக்-1 ஏற்பியைத் தூண்டி அழற்சியைக் கிளப்பியதையும் 2011-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் சொந்தப் புரதம்தான். குலைந்து உட்கார்ந்ததால் உடம்புக்கு அது வேற்றாளாகத் தெரிந்துவிட்டது.

இனி உங்கள் அம்மாவுக்கு ஏறிய மருந்து. லிபோசோம் டாக்ஸோரூபிசினை இஸ்ரேலில் பாரென்ஹோல்ஸ், கபிசோன் ஆகியோர் உருவாக்கினார்கள். 1995-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த முதல் நானோ மருந்து. 100 நானோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த கொழுப்புப் பைக்குள் சிவப்பு மருந்து அடைபட்டிருக்கும். வெளியே பெக் இழைகள் புல்வெளிபோல அடர்ந்து நிற்கும். புரதம் அணுகாமல் அந்த இழைகள் தண்ணீரைப் பிடித்துவைத்துத் தடுக்கும் என்பது கணக்கு. பலனும் பெரிது. வெறும் டாக்ஸோரூபிசின் சில நிமிடங்களில் ரத்தத்தைவிட்டுத் திசுக்களுக்குள் போய்விடும், இதயத்தையும் சேர்த்துத் தாக்கும். லிபோசோமில் அடைத்தது பாதியாகக் குறையவே 50 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இதயத்துக்கு வரும் கேடு குறைகிறது.

ஆனால் பெக் புரதத்தை முழுக்கத் தடுக்கிறது என்பது சரியல்ல. 2016-இல் மைன்ஸ் ஆய்வாளர்கள், பெக் பூசிய துகள்மேலும் புரதம் ஏறுகிறது, அதில் கிளஸ்டரின் என்ற புரதம் மிகுதி என்று காட்டினார்கள். புரதமே இல்லாத சூழலில் வைத்தபோது, கிருமிகளை விழுங்கும் தற்காப்புச் செல்கள் அதே துகளை அதிகமாக விழுங்கின. அதாவது பெக் மட்டும் துகளை மறைக்கவில்லை. பெக் அழைத்துவந்த கிளஸ்டரினும் சேர்ந்துதான் மறைத்தது. மான்செஸ்டர் குழு ஒன்று இன்னும் நெருங்கிப் போய், சினைப்பைப் புற்றுநோய்க்கு இதே வகை மருந்து ஏற்றிய நோயாளிகளின் ரத்தத்திலிருந்தே லிபோசோம்களை மீட்டெடுத்துப் பார்த்தது. மனித உடம்பில் உருவான போர்வையை மனித ரத்தத்திலிருந்தே எடுத்துப் படித்த முதல் முயற்சி அது. சோதனைக் குழாயில் உருவாகும் போர்வையும் ஓடும் ரத்தத்தில் உருவாகும் போர்வையும் ஒன்றல்ல என்பதை அதே குழு முன்பே எலிகளில் காட்டியிருந்தது. சோதனைக் குழாயை மட்டும் நம்பி முடிவு சொல்பவர்களோடு நான் வாதாடுவதற்கு இந்த ஆய்வுகளே காரணம். ஆளுக்கு ஆள், நோய்க்கு நோய் பிளாஸ்மா மாறும். சர்க்கரை நோயாளிக்கும் புற்றுநோயாளிக்கும் ஒரே துகளில் ஒரே போர்வை அமையாது.

இந்தப் போர்வையில் ஏறுபவற்றில் சி3 முக்கியமானது. கிருமி வந்தால் அதன்மேல் ஒட்டி, 'இதை விழுங்கு' என்று அடையாளம் போடுவதுதான் அதன் வேலை. நானோ துகளும் கிருமியின் அளவில், கிருமிபோன்ற மேற்பரப்போடு இருப்பதால் அதன்மேலும் ஏறும். இதில் நுட்பமான விஷயம்: சி3 பெரும்பாலும் துகளின்மேல் நேராக ஒட்டுவதில்லை, ஏற்கனவே படிந்த புரதங்களின்மேல் ஒட்டுகிறது என்று கொலராடோவில் சிம்பெர்க் குழு 2017-இல் காட்டியது. போர்வையில் சில ஆன்டிபாடிகள் உட்கார்ந்திருந்தாலே போதும், அவை சி3-ஐ இழுத்துவந்துவிடும். சி3 ஒட்டும்போது சி3ஏ, அடுத்து சி5ஏ என்ற சிறு துண்டுகள் உடைந்து ரத்தத்தில் கலக்கும். அவை அலர்ஜியைக் கிளப்பும் மாஸ்ட் செல்களைத் தட்டி எழுப்பும். ரத்தக்குழாயை விரிக்கும் ஹிஸ்டமின் முதலியவை கொட்டும். முகம் சிவப்பது, நெஞ்சு இறுகுவது, முதுகு வலிப்பது, ரத்த அழுத்தம் ஏறுவதும் இறங்குவதும் எல்லாம் அதன் விளைவு. புடாபெஸ்டின் யானோஸ் செபெனி இதைப் பல வருடம் பன்றிகளில் ஆராய்ந்து 'கார்ப்பா', அதாவது காம்ப்ளிமென்ட் தூண்டுவதால் வரும் போலி அலர்ஜி, என்று பெயர் வைத்தார். வழக்கமான அலர்ஜிக்கு முன்பே அந்தப் பொருள் உடம்பில் பட்டிருக்கவேண்டும். இது முதல் தடவையிலேயே வரும், அடுத்தடுத்த தடவைகளில் பெரும்பாலும் குறையும். ரத்தக்குழாயில் இருக்கும் விழுங்கும் செல்கள் துகளைச் சட்டென்று பிடிப்பதும் காரணம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அந்த விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு நடந்தது அபூர்வமும் இல்லை. திடக்கட்டி நோயாளிகளில் 11 சதவீதம் பேருக்கு ஏற்றும்போது இப்படிப்பட்ட எதிர்வினை வந்ததாக அந்த மருந்தின் அமெரிக்கக் குறிப்பேடே சொல்கிறது.

மெதுவாக ஏற்றியபோது ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லியிருந்தீர்கள். சி3ஏ, சி5ஏ துண்டுகளை உடைத்துப் போட ரத்தத்திலேயே ஒரு நொதி இருக்கிறது. துகள்கள் கொஞ்சம் கொஞ்சமாக வந்தால், உருவாகும் வேகத்தை அழிக்கும் வேகம் ஈடுகட்டிவிடும். ஒரேயடியாக வந்தால் முடியாது. அதனால்தான் இந்த மருந்தை நிமிடத்துக்கு 1 மில்லிகிராம் என்ற கணக்கில் தொடங்கச் சொல்கிறார்கள். பாட்டிசிரானையும் ஸ்டீராய்டு, பாராசிட்டமால், அலர்ஜி மருந்துகள் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து, 80 நிமிடம் எடுத்துத்தான் ஏற்றுகிறார்கள். இரும்புச்சத்துக் குறைவுக்கான ஃபெருமாக்ஸிடால் என்ற நானோ இரும்பை முன்பெல்லாம் விரைவு ஊசியாகப் போட்டார்கள். உயிரிழப்பு வரை போன எதிர்வினைகளால் 2015-இல் எஃப்டிஏ கடும் எச்சரிக்கை விதித்து, குறைந்தது 15 நிமிடம் டிரிப்ஸாகத்தான் ஏற்றவேண்டும் என்றது.

'நேராகக் கட்டிக்குத்தான் போகும்' என்று உங்களிடம் சொன்னது மட்டும் எனக்கு உறுத்துகிறது. ஆறுதலுக்குச் சொல்லியிருக்கலாம், ஆனால் உண்மை அப்படி இல்லை. டொராண்டோவில் வாரன் சான் குழு பத்து வருட ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் கணக்கிட்டபோது, விலங்குகளில் ஏற்றிய துகள்களில் கட்டியைச் சேர்வது இடைநிலை அளவில் 0.7 சதவீதம் என்று வந்தது. மிச்சத்தில் பெரும்பங்கைப் போர்வையின் அடையாளத்தை வைத்துக் கல்லீரலும் மண்ணீரலும் இழுத்துக்கொள்கின்றன. லிபோசோம் மருந்தின் நிஜமான நன்மை, இதயத்தைக் காத்து, ரத்தத்தில் நெடுநேரம் நின்று, கட்டிக்குக் கொஞ்சமாவது கூடுதலாகப் போய்ச் சேர்வது. அதே நெடுநேரச் சுற்றலால் தோலிலும் மருந்து சேரும். உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரிந்தாலோ தோல் உரிந்தாலோ, வெயிலில் நடந்ததால் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கேற்ப அளவையும் இடைவெளியையும் மாற்றுவார்கள்.

அடுத்த தடவை போகும்போது, முதல் நாள் எத்தனையாவது நிமிடத்தில் முகம் சிவந்தது, என்னென்ன செய்தது, எவ்வளவு நேரத்தில் அடங்கியது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுபோய், ஏற்றுவதற்கு முன்பே சிஸ்டரிடம் கொடுத்துவிடுங்கள். நேரமாகிறதே என்று சொட்டை வேகப்படுத்தச் சொல்லாதீர்கள். முதல் கால் மணி நேரம் அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். முதுகில் லேசாக வலிக்கிறது என்று அவர் சொன்னாலும் உடனே கூப்பிடுங்கள்.